நோஞ்சியின் பெறுமதி

முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரையில் ஜெகதீஸ்வரியிடம் அவளுடைய மாட்டைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் உண்மை வராது. ஆள் பொய்க்காரி இல்லை. கூலிக்குக் கச்சான் பிடுங்கப் போனால், தன் வரிசையில் ஒரு செடி விடுபட்டுவிட்டதென்று திரும்பி நடக்கிறவள். கடையில் மிச்சக் காசு கூடுதலாக வந்துவிட்டால், கொதிக்கிற வெயிலுக்குள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். மாடு என்று வந்தால் மட்டும் வாய் தன்பாட்டில் வேறு வழியால் போய்விடும்.

"எத்தனை போத்தல் கறக்குது?"

"எங்க கறக்குது. நாலு தேறினாப் பெரிய காரியம்."

"நல்லாத் தின்னுதோ?"

"தின்னுது. உடம்பிலதான் பிடிக்குதில்லை."

மாட்டுக்கு அவள் வைத்த பெயரே நோஞ்சி. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்து வருகிற பிள்ளைக்குக் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைப்பார்களே, அந்த யோசனைதான். உண்மையில் நோஞ்சி, தண்ணீர் ஊற்றினால் முதுகில் நிற்காமல் வழுக்கி ஓடுகிற மினுக்கத்தில், கபில நிறத்தில், கொட்டில் நிறைய நிற்கும். கன்று போட்டு மூன்று மாதம். மடி பின்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்திருந்தது.

குறைத்துச் சொல்வது அந்த ஊரில் எல்லாரும் செய்கிற காரியம்தான். ஆறு போத்தல் கறந்தால் நாலு என்பார்கள். கேட்டவன் மனதுக்குள் இரண்டைக் கூட்டிக்கொண்டு பேசாமல் போவான். நாவூறு பட்டு மடி வற்றிப்போன மாட்டின் கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருந்தது. ஆனால் ஜெகதீஸ்வரி அந்த வழக்கத்துக்குள்ளும் அடங்காதவள். நோஞ்சி ஒரு நாளைக்குக் கறப்பது பதினாலு போத்தல். ஊருக்கு அவள் சொல்வது நாலு. கட்டின புருஷன் தங்கராசாவுக்குச் சொல்வது எட்டு. பதினாலு என்பது அவளுக்கும் மாட்டுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அதை மறைப்பதற்கென்றே பாலை மூன்றாகப் பிரித்து ஊற்றுவாள். கொஞ்சம் பால் சங்கத்துக்கு, கொஞ்சம் ஒட்டுசுட்டான் சந்தியில் பாறூக்கின் தேத்தண்ணிக் கடைக்கு, கொஞ்சம் ரீச்சர்மார் குடியிருக்கிற வீடுகளுக்கு. மூன்று இடத்திலும் இவளுடைய மாடு தங்களுக்கு மட்டும்தான் கறக்கிறது என்ற நினைப்பு. தங்கராசா விடியமுன்னம் லாண்ட்மாஸ்ரரை எடுத்துக்கொண்டு வயல் உழப் போனால் பொழுதுபட்டுத்தான் திரும்புவான். வீட்டில் உலை கொதிக்கிறதா என்று பார்ப்பானே தவிர எதால் கொதிக்கிறது என்று கேட்கமாட்டான்.

மகள் நிரோஜா வவுனியாவில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கம் தருகிற உதவிப் பணத்தில் பிள்ளையின் படிப்பு நடக்கிறது என்று தங்கராசா கண்டவன் நின்றவனுக்கெல்லாம் சொல்லித் திரிந்தான். அந்தப் பணம் மாதத்தில் பாதிக்குக் காணாது. அறை வாடகை, சாப்பாடு, பஸ், அச்சடிக்கிற தாள், எல்லாம் நோஞ்சியின் மடியில் இருந்து போனது. மாட்டுக்கு ஒன்று நடந்தால் பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து இறங்கவேண்டியதுதான். இதையும் ஜெகதீஸ்வரி யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பதினாலு வெளியில் வந்துவிடுமே.

நோஞ்சிக்கு முதல் இன்னொரு மாடு இருந்தது. ஒரு மார்கழியில் மழையோடு சேர்ந்து வந்த குளிர்காற்றில் வன்னி முழுக்க மாடுகள் நின்ற இடத்தில் விறைத்து விழுந்தன அல்லவா, அதில் அதுவும் விழுந்தது. கொட்டிலுக்குள் நின்ற மாடுதான். சாக்கால் போர்த்து, சிரட்டைக் கரியை மூட்டி, வயிற்றைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். விடியக் கண்ணைத் திறந்தபடி கிடந்தது. சாவைவிடத் தாழ்ப்பதுதான் பெரும்பாடு. ஈரமண் வெட்ட வெட்டச் சரிந்து குழிக்குள்ளேயே விழுந்தது. புருஷனும் பெண்சாதியும் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டினார்கள். மாட்டைக் கயிறு போட்டு இழுத்தபோது அவளுடைய உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. அடுத்த கிழமை அதே கையோடு கூலிக்குப் போனாள். இரண்டு போகம் கச்சான் பிடுங்கியும் மிளகாய் ஆய்ந்தும் சேர்த்த காசில், இன்னும் கன்று போடாத நாகாக வாங்கி வளர்த்ததுதான் நோஞ்சி.

ஐப்பசிக் கடைசியில் பால் சங்கத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். தண்ணீரூற்று ஊரிலிருந்து றிஃபாத் என்ற பெடியன் வந்து மாட்டுக் காப்புறுதியைப் பற்றிக் கதைத்தான். வருஷத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும், மாடு வருத்தம் வந்தோ வெள்ளம் குளிரிலோ செத்தால் மாட்டின் பெறுமதியைக் கொம்பனி தரும் என்றான். கட்டுகிற காசு மூன்று மூட்டை மாட்டுத்தீன் வாங்குகிற காசு. கூட்டத்தில் இருந்தவர்கள் தேத்தண்ணியும் பணிசும் முடியும்வரை கேட்டுவிட்டு எழும்பிப் போனார்கள். ஜெகதீஸ்வரி மட்டும் அவனுடைய ரெலிபோன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"விசரே உனக்கு?" என்றான் தங்கராசா, முதுகில் காய்ந்திருந்த சேற்றைக் கிணற்றடியில் நின்று உரஞ்சிக்கொண்டே. "எனக்கே ஒரு காப்புறுதியும் இல்லை. நாளைக்கு லாண்ட்மாஸ்ரர் புரண்டு நான் செத்தா உனக்குச் சல்லிக்காசு வராது. மாடு செத்தா வருமோ?"

"நீங்கள் பால் கறக்கிறியளோ?"

"இஞ்ச பார் கதையை."

"கேட்டனான், பதில் சொல்லுங்கோ."

"என்ர மச்சான் கனடாவில பூனைக்குக் காப்புறுதி கட்டுறானாம். பூனைக்கு! பல்லு வலி வந்தாக் கொம்பனி காசு குடுக்குமாம். அவங்களுக்குச் செலவழிக்க இடமில்லை, கட்டுறாங்கள். எட்டுப் போத்தல் மாட்டுக்கு எங்களுக்கு என்னத்துக்கு? அந்தக் காசுக்குத் தீன் வாங்கிப் போட்டாலும் ரெண்டு போத்தல் கூடக் கறக்கும்."

அந்த இடத்தில்தான் அவள் சண்டையை விட்டுவிட்டுக் கொட்டிலடிக்குப் போவாள். எட்டுப் போத்தல் மாட்டுக்கு அவன் சொல்வது முழுக்க நியாயம். பதினாலு போத்தல் மாட்டுக்குத்தான் அது நியாயம் இல்லை. அதை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நாளும் அதே சண்டை அதே இடத்தில் வந்து முட்டி நின்றது.

அவளுக்கே இன்னொரு பயமும் இருந்தது. மாடு சாகப்போகிறதென்று முன்கூட்டியே காசு கட்டுவது சாவைப் படலை திறந்து கூப்பிடுகிற மாதிரி அல்லவா? வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்துவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன என்றும் யோசித்தாள். பிறகு நினைத்துப் பார்த்தாள். முந்தின மாட்டுக்கும் நேர்ந்துதான் இருந்தது. அம்மன் தன்னால் ஏலுமானதைச் செய்திருப்பாள். அந்தக் குளிருக்கு அம்மனும் என்ன செய்வாள்.

கார்த்திகை பிறந்து வாடைக்காற்று கொட்டிலுக்குள் வரத் தொடங்கியதும் அவள் மேற்கொண்டு யோசிக்கவில்லை. றிஃபாத்துக்குப் போன் எடுத்தாள்.

"ஓமக்கா, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தப் பக்கம் வாறன். அதுக்குப் பிறகு தைக்குத்தான் வருவன், மழைக்கை ஏலாது. மாட்டை வீட்டில கட்டி வையுங்கோ."

தங்கராசா ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் நின்றான். "உன்ர மாடு, உன்ர காசு, என்னவும் செய்" என்று சொல்லிவிட்டு, நடப்பதைப் பார்க்க வசதியாக ஒரு கதிரையைக் கொண்டுவந்து மாமரத்துக்குக் கீழே போட்டுக்கொண்டு இருந்தான்.

றிஃபாத் வந்தான். மோட்டார் சைக்கிளை வேலியோடு நிறுத்தி, கையைக் கழுவி, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொட்டிலடிக்கு வந்தான். நல்ல பெடியன். மாட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நல்ல மாடு போல கிடக்கே அக்கா!"

ஜெகதீஸ்வரி மாட்டை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அந்தக் கணத்தில் வாயைத் திறந்தது அவள் இல்லை, அவளுடைய பழக்கம்.

"எங்க தம்பி நல்ல மாடு. பாக்கத்தான் இப்பிடி. வெறும் வெளித்தோற்றம்."

"அப்பிடியோ? பேர் என்ன?"

"நோஞ்சி."

றிஃபாத் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினான். "எவ்வளவு கறக்கும்?"

"நாலு போத்தல்."

"ஒரு நேரத்துக்கோ?"

"நாளைக்கு. அதுவும் சில நாள் வராது."

மாமரத்தடியில் தங்கராசா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டான்.

"சாப்பாடு ஒழுங்கோ?"

"தின்னுது. ஒண்டும் உடம்பில பிடிக்குதில்லை."

"வருத்தம் ஏதும் வந்ததோ?"

"ஐயோ தம்பி, அதை ஏன் கேக்கிறீர். ஒண்டு மாறினா ஒண்டு. போன மாசம் காய்ச்சல், அதுக்கு முதல் வயிறு. காலும் ஒண்டு சரியில்லை."

நோஞ்சி நான்கு காலிலும் தேர் மாதிரி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. றிஃபாத் காலைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். பிறகு பேனையை மூடினான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. சுகமில்லாத மாட்டை நாங்கள் எடுக்கேலாது. அப்பிடி எடுத்தாலும் நாலு போத்தல் மாட்டுக்கு என்ன பெறுமதி போடுறது? நீங்கள் கட்டுற காசுதான் நட்டம்."

"நானும் உதைத்தான் சொன்னனான்!" என்றான் தங்கராசா. அவனுக்கு வந்த சந்தோஷத்தில் கதிரை ஒருபக்கம் சரிந்தது. "தம்பி, இவ்வளவு நேர்மையான ஆளை எங்கயாவது கண்டிருக்கிறீரோ? விக்க வந்தவனுக்கே விக்காதை எண்டு சொல்லி அனுப்புறாள்!"

றிஃபாத் சிரித்தபடி பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டினான். ஜெகதீஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். கேட்டதற்கெல்லாம் எல்லாருக்கும் சொல்கிற பதிலைத்தான் சொன்னாள். ஒரு சொல் கூட யோசித்துச் சொல்லவில்லை. ஹெல்மெற் தலையில் ஏறியது. இவன் இனித் தைக்குத்தான் வருவான். இடையில் மார்கழி முழுதாகக் கிடக்கிறது. அவளுக்கு வவுனியாவில் அந்தச் சின்ன அறையில் கட்டிலுக்குக் கீழே இருக்கிற நிரோஜாவின் உடுப்புப் பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது.

ஓடிப்போய் மோட்டார் சைக்கிளின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நில்லும். நான் சொன்னது பொய்."

"எது அக்கா?"

"எல்லாம்."

அந்த நேரம் பார்த்துத்தானா வீரகத்தி வரவேண்டும். தோட்டத்திலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த மனிதன், படலையடியில் என்ன புதினம் என்று நின்றார். அந்த ஊரிலேயே கெட்ட நாக்கு என்று பெயரெடுத்தவர் வீரகத்தி. ஒருநாள் சிற்றம்பலத்தின் பப்பாசி மரத்தைப் பார்த்து "என்ன காயடா இது" என்றார். அன்று பின்னேரமே மரம் முறிந்தது. அன்றைக்கு அடித்த காற்றில் ஊரில் வேறு எத்தனையோ மரம் முறிந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதிலிருந்து அவர் தெருவில் வந்தால் தாய்மார் கைப்பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போவார்கள். மனிதனுக்கும் அது தெரியும். சபை சந்திகளில் சாப்பாட்டைக் கூட நல்லது என்று சொல்லமாட்டார்.

ஜெகதீஸ்வரி அவரைப் பார்த்தாள். றிஃபாத்தைப் பார்த்தாள். மரத்தடியில் இருந்து எழும்பி வருகிற புருஷனைப் பார்த்தாள். மூன்று பேருக்கு முன்னாலும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கம்பியை விடவேண்டும்.

"பதினாலு" என்றாள்.

"என்ன பதினாலு?"

"பதினாலு போத்தல் கறக்குது. காலமை எட்டு, பின்னேரம் ஆறு. ஒரு நாளும் குறைஞ்சதில்லை. காய்ச்சலும் இல்லை மண்ணுமில்லை. மழைக்கை தும்மினது கூட இல்லை. போட்டதைத் தின்னும். புல்லோ, வைக்கலோ, புண்ணாக்கோ, இது எனக்கு வேண்டாம் எண்டு தலையைத் திருப்பினதை நான் காணேல்லை. காலைக் கட்டாமல் கறக்கலாம். நான் கச்சான் பிடுங்கிப்போட்டு முதுகு நிமித்தேலாமல் வந்து பக்கத்தில குந்தினா, தலையைத் திருப்பி என்ர தோளில வைக்கும். தம்பி, இந்த இடதுகரையில, வலதுகரையில, ஒட்டுசுட்டான் மட்டும் போய்ப் பாரும். இப்பிடி ஒரு மாடு இல்லை. இல்லையெண்டா இல்லை!"

மூச்சு வாங்கியது. இத்தனை நாள் அடக்கி வைத்தது ஒரேயடியாக வந்துவிட்டது. சொல்லச் சொல்லப் பயம் ஏறும் என்று நினைத்தாள், ஏறவில்லை. சுகமாக இருந்தது.

தங்கராசா வாயைத் திறந்தபடி நின்றான். "பதினாலோ?"

"பேந்து கதைப்பம்."

றிஃபாத் ஹெல்மெற்றைக் கழற்றிக் கண்ணாடியில் கொழுவினான். "அக்கா, முதல் சொன்னது பொய் எண்டுறியள். இப்ப சொல்லுறது உண்மை எண்டு நான் எப்பிடி நம்புறது? நாளைக்கு மாட்டு டொக்டர் பாத்துக் கையெழுத்து வைக்கேக்க எனக்கெல்லோ பேச்சு விழும்."

"பால் கறக்கிற நேரம்தானே. இருந்து பாரும்."

"அது நல்லது. ஐயா, நீங்களும் வாங்கோ" என்று வீரகத்தியைக் கூப்பிட்டான் பெடியன். வெளியூர்க்காரன், அவனுக்கு என்ன தெரியும். "அயலில ஒராள் பாத்தாச் சாட்சியாப் போகும்."

"நானோ?" என்றார் வீரகத்தி. "வேண்டாம் தம்பி. எனக்கு அங்கால வேலை கிடக்கு."

"ரெண்டு நிமிஷம் ஐயா."

வீரகத்தி ஜெகதீஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். வா என்றால் வருவேன், போ என்றால் போவேன் என்கிற மாதிரி ஒரு பார்வை. அவளுக்கு ஒருமாதிரித்தான் இருந்தது. சொன்னது சொல்லியாகிவிட்டது, அதில் பாதியை மட்டும் திருப்பி விழுங்க ஏலுமா?

"வாங்கோ அண்ணை" என்றாள்.

கொட்டிலுக்குள் போய், கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டு, பிறகு இழுத்துக் கட்டினாள். எப்போதும் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிற சின்ன வாளியை எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, குசினிக்குள்ள அரிசி வாளிக்குப் பின்னால சாக்கால மூடி ஒரு பெரிய வாளி கிடக்கு. எடுத்துக்கொண்டு வாங்கோ."

தங்கராசா போனான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, முன்னைப் பின்னைக் கண்டிராத பொருளைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அந்நியர் கண்முன் அவள் பால் கறப்பது அதுதான் முதல் தரம். விரல் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் பால் இறங்கியது. முதலில் வெறும் வாளியில் தகரச் சத்தம். பிறகு பாலில் பால் விழுகிற தடித்த சத்தம். நுரை ஏறியது. நோஞ்சி எதிலும் அக்கறையில்லாமல் தீன் வாளியை நக்கிக்கொண்டிருந்தது. கன்றுக்கென்று ஒரு காம்பை விட்டுவிட்டு எழும்பி, வாளியை அவர்களுக்கு முன்னால் வைத்தாள். போத்தல் வைத்து அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"மாஷா அல்லாஹ்!" என்றான் றிஃபாத். சொல்லிவிட்டு அவள் முகம் மாறியதைக் கண்டான். "பயப்படாதேங்கோ அக்கா. நல்லதைக் கண்டா நாங்கள் இதைச் சொல்லுறது. சொன்னாக் கண் படாது. எங்கட உம்மாட்டக் கோழி எத்தனை முட்டை இடுது எண்டு கேட்டுப் பாருங்கோ. கோழியே இல்லை எண்டுவா." அப்போதுதான் அவனுக்கே ஏதோ விளங்கியது. "ஓ... அதுதான் நாலு போத்தலோ!"

பிறகு வீரகத்தியிடம் திரும்பினான். "ஐயா, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

தங்கராசா அவரைத் தடுக்கக் கையைத் தூக்கினான். வீரகத்தி வாளியைப் பார்த்தார். மாட்டை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, வேலிப் பக்கம் திரும்பித் துப்பினார்.

"இதெல்லாம் ஒரு மாடோ தம்பி? நாலு காலில நிக்கிற பிணம். உது பாலோ? கழுநீர். மூஞ்சையைப் பார், எருமை கூட மதிக்காது. உதுக்குக் காப்புறுதி செய்தா உம்மட கொம்பனி அடுத்த வருஷம் பிச்சைக்குப் போகும்!"

றிஃபாத் திகைத்துப்போய் நின்றான். ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை, கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளுடைய மாட்டை இதுவரை ஒருவரும் இவ்வளவு பிரியமாக வாழ்த்தியதில்லை.

"காணுமோ பிள்ளை?" என்றார் வீரகத்தி, கடுகடுத்த முகத்தோடு. "இன்னும் வேணுமெண்டாலும் சொல்லலாம்."

"காணும் அண்ணை. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"உந்தப் பாலிலயோ?"

"உந்தக் கழுநீரிலதான்."

"குடிக்கலாம். எப்பிடி இருக்கெண்டு மட்டும் கேட்டிடாதை."

றிஃபாத் முதல் எழுதின தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். நாலு போத்தல் மாட்டுக்குப் போட நினைத்த பெறுமதியைவிட மூன்று மடங்கு. கட்டுகிற காசும் அதோடு ஏறியது. கூட்டத்தில் சொன்ன மூன்று மூட்டைத் தீன் நாலு மூட்டையாகியது. அவள் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தாள். அவன் நோஞ்சியின் இடது காதில் மஞ்சள் நிற அடையாளத் தகட்டை வைத்துக் குறட்டால் அழுத்தினான். மாடு ஒரு உதறு உதறியது. ஒரு சொட்டு இரத்தம். ஜெகதீஸ்வரி மஞ்சளை அப்பினாள்.

"அக்கா, ஒரு வருஷத்தில மாட்டுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டா இந்தக் காசு திரும்பி வராது. அது விளங்கினதுதானே? பேந்து வீணாப் போச்செண்டு என்னைத் திட்டக் கூடாது."

"வீணாத்தான் போகோணும்" என்றாள் அவள். "வருஷா வருஷம் வீணாப் போகோணும். நீர் வந்து வந்து வாங்கிக்கொண்டு போம்."

மோட்டார் சைக்கிளின் சத்தம் வாய்க்கால் கரையால் போய் மறைந்தது. வீரகத்தியும் தேத்தண்ணியைக் குடித்து, கோப்பையை வைத்து, ஒரு சொல்லும் சொல்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். தங்கராசா கதிரையில் போய் இருந்தான். அவன் யோசிப்பது வெளியில் தெரிந்தது. நெற்றி சுருங்கும், விரியும், பிறகு சுருங்கும்.

"எனக்கு எட்டெண்டு சொன்னனீ."

"ஓம்."

"மிச்ச ஆறும்?"

அவள் சொன்னாள். அறை வாடகை, சாப்பாடு, பஸ், அச்சடிக்கிற தாள். அரசாங்கத்துப் பணம் எந்தத் திகதியோடு முடிகிறது என்பதையும் சொன்னாள். கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, மாட்டுச் சாணம் காய்ந்த விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ஊரெல்லாம் அரசாங்கம் படிப்பிக்குது எண்டு பெருமை அடிச்சுக்கொண்டு திரியிறன்" என்றான் கடைசியில்.

"அதுகும் நல்லதுக்குத்தான். அரசாங்கத்துக்கு நாவூறு படட்டும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கோபத்தை உடனே விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. கொஞ்சம் பொறுத்து அவனுக்கு இன்னொன்று பிடிபட்டது. கதிரையில் நிமிர்ந்து இருந்தான்.

"அப்ப பதினாலு போத்தல் கறக்கிற வீட்டில எனக்கு ஏனடி ஒவ்வொரு நாளும் வெறுந்தேத்தண்ணி?"

உள்ளதைச் சொன்னால், ஒரு கோப்பைப் பாலும் ஒரு பஸ் காசுதான் என்று பார்த்துப் பார்த்துக் கை அப்படியே பழகிவிட்டது. எழும்பிக் குசினிக்குப் போய், தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கலக்காமல் முழுப் பாலில் தேயிலைச் சாயத்தை ஊற்றி, சீனியை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஊதி ஊதிக் குடித்தான். கோப்பையின் அடியில் கிடந்த ஆடையை விரலால் வழித்து நக்கினான்.

பிறகு லாண்ட்மாஸ்ரரின் பெட்டியில் கிடந்த நீலத் தறப்பாளை இழுத்துக்கொண்டு கொட்டிலடிக்குப் போனான். வாடை வருகிற பக்கம் தறப்பாளை விரித்து, ஒரு முனையைத் தூணில் சுற்றி ஆணி அடித்தான். மறுமுனை காற்றில் படபடத்தது. நோஞ்சி தலையைத் திருப்பிப் பார்த்தது.

"ஒராள் பிடிச்சா அடிக்கலாம்" என்றான் திரும்பிப் பார்க்காமல்.

அவள் போய்ப் பிடித்தாள். "இன்னும் இழுத்துக் கட்டுங்கோ. கீழால காத்து வரும்."

"காப்புறுதி செய்தாச்சுத்தானே, பேந்தென்ன?"

"காப்புறுதி அவங்களிட்டக் கிடக்கட்டும். நீங்கள் இழுத்துக் கட்டுங்கோ."

அவன் வாயிலிருந்த ஆணியை எடுத்து, அவள் பிடித்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்து அடித்தான். தூரத்தில் குளத்துப் பக்கம் மழை இரையத் தொடங்கியது.